கீமோ பைக்குள் இருக்கும் மரம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். அம்மாவுக்கு 51 வயது, மார்பகப் புற்று இரண்டாம் கட்டம், ஹார்மோனால் வளரும் வகை. அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது வாராவாரம் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து ஏறுகிறது. 12 வாரத்தில் நான்கு முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு டமாக்ஸிஃபென் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் ஜோகூரிலிருந்து தாய்மாமா முள்ளுசீத்தா இலையை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். திருச்சி சித்தி மிளகுச் சத்து சேர்த்த குர்க்குமின் (மஞ்சளின் சத்து) கேப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி தன் தொட்டியில் வளர்த்த சபா பாம்புப் புல்லைக் கிள்ளிக் கொடுக்கிறார். “கீமோ விஷம், இலைதான் இயற்கை” என்கிறார் மாமா. செடிகொடியில் மார்பகப் புற்றுக்கு உண்மையிலேயே மருந்து உண்டா, இதில் எதைக் கொடுப்பது, எதைத் தள்ளுவது என்பதுதான் உங்கள் கேள்வி.

மருந்து உண்டு. அம்மாவுக்கு அது ஏற்கெனவே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

பாக்லிடாக்ஸல் ஒரு மரத்திலிருந்து வந்த பொருள். 1962 ஆகஸ்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையை உரித்து எடுத்து அனுப்பினார். எந்தச் செடியில் புற்றுக்கு மருந்து கிடைக்கும் என்று அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சலித்துக்கொண்டிருந்த காலம் அது. வட கரோலைனாவில் மன்ரோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் அந்தப் பட்டையில் வேலை செய்யும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். அது உடம்பில் என்ன செய்கிறது என்பதை சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் சொன்னார். சினைப்பைப் புற்றுக்கு 1992-இலும் மார்பகப் புற்றுக்கு 1994-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பட்டை உரித்த நாளிலிருந்து மார்பகப் புற்று நோயாளியின் கைக்கு வர 32 வருடம்.

இவ்வளவு காலம் ஆனதற்கு ஒரு காரணம் அளவு. ஒரு கிலோ மருந்து எடுக்கக் கிட்டத்தட்ட 10 டன் பட்டை வேண்டும். பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். அப்படியே போயிருந்தால் அந்த மரம் காட்டில் மிஞ்சியிருக்காது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் இதற்கு மிக நெருக்கமான ஒரு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை எடுத்து ஆய்வுக்கூடத்தில் மீதியை ஒட்டிச் சேர்த்தார்கள். இலையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்குமே. பிரான்சில் பியர் பொத்தியே குழு அதே வழியில் போய் உண்டாக்கியதுதான் டோசிடாக்ஸல். அம்மாவோடு கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் சிலருக்கு அது ஏறிக்கொண்டிருக்கும்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளராக 19 வருடம் இருந்தவள். இந்த மருந்துக் குப்பியைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அது தண்ணீர் போல ஓடாது. லேசான மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று விளக்கெண்ணெய் போல இருக்கும். உண்மையிலேயே அதில் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைப்பான்தான் இருக்கிறது, ஏனென்றால் இந்த மரப்பொருள் தண்ணீரில் கரையவே கரையாது. குலுக்கினால் நுரைத்துவிடும். அதனால் பையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துத்தான் கலப்போம். அந்தக் கரைப்பான் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். அதற்காகத்தான் டிரிப் ஏறும் முன்னால் தாதி ஸ்டீராய்டும் ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசியும் போடுகிறார். கரைப்பான் சில பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாததை உருவிக்கொண்டு வந்துவிடும் என்பதால் குழாயே வேறு வகை, நடுவில் ஒரு வடிகட்டியும் உண்டு. அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். அந்தப் பையில் அம்மாவின் உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்ட அளவுதான் இருக்கும். வாராந்தர முறையில் உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம். நடுத்தர உடல்வாகு என்றால் மொத்தம் 130 மில்லிகிராம் சுமார். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

அந்தச் சிட்டிகை என்ன செய்கிறது? வீரமாகாளியம்மன் கோயில் விசேஷத்துக்குப் பந்தல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே ஒரு பந்தலைக் கட்டும். மரபுப் பொருளை இரண்டு பக்கமும் இழுத்துக் கொடுத்துவிட்டு உடனே கழற்றிவிடும். பாக்லிடாக்ஸல் அந்தப் பந்தல் கால்களைக் கழற்ற விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிரியவும் முடியாமல் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாமல் அணு செத்துப்போகிறது. புற்றணு ஓயாமல் பிரிவது, அதனால் அடி அதற்கு அதிகம். முடியின் வேரும் எலும்பு மஜ்ஜையும் கூட வேகமாகப் பிரிபவைதான். நரம்பிலோ இதே கால்கள் தண்டவாளம் மாதிரி, சத்தை விரல் நுனிவரை கொண்டுபோகும் பாதை. அம்மாவுக்கு விரல் மரத்துப்போய் பூத் தொடுக்கும்போது நாரில் முடிச்சு விழவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது இதனால்தான். அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். “பரவாயில்லை, தாங்கிக்கொள்கிறேன்” என்று நம் அம்மாமார்கள் மறைப்பார்கள். சொன்னால் அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம். மறைத்தால் மரமரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. கீமோ விஷம்தான். ஆனால் அது செடியின் விஷம்.

இன்னொரு உதாரணம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. நடைபாதைத் தொட்டியில் அம்மா வளர்க்கும் நித்தியகல்யாணி. ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையில் 1952-இல் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் சில கனடாவுக்குப் போயின. ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவே இல்லை, வெள்ளணுக்கள்தான் சரிந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்று தோன்ற, சார்ல்ஸ் பியருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். இது பந்தலைக் கட்டவே விடாத சரக்கு. இதிலிருந்து மாற்றிச் செய்த வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய அரை டன் காய்ந்த இலை வேண்டும். பத்து இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அந்த மருந்து வராது. அதே இலையில் இருக்கும் மற்ற எத்தனையோ பொருள்கள்தான் வந்து வயிற்றைப் புரட்டும், ரத்த அழுத்தத்தை இறக்கும்.

மூன்றாவது கதை எனக்கு மிகப் பிடித்தது. சீனாவின் கேம்ப்டோதெகா என்ற மரத்திலிருந்து அதே வாலும் வாணியும் 1966-இல் கேம்ப்டோதெசினைப் பிரித்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் இது உண்டு. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் வந்தது. 1970-களில் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். பிறகு அதன் உருவை மாற்றி மாற்றி, கடைசியில் புற்றணுவைத் தேடிப்போய் ஒட்டும் ஒரு எதிர்ப்புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், சாசிடுசுமாப் கோவிடெகான் என்று வாயில் நுழையாத பெயரில் இன்று மார்பகப் புற்றில் பேசப்படும் இரண்டு மருந்துகளின் சுமையும் இந்த மரத்தின் வழிவந்ததுதான். மரம் மாறவில்லை. அதை எவ்வளவு, எங்கே, எப்படி இறக்குவது என்று தெரிய அரை நூற்றாண்டு ஆனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மாமாவின் பையில் இருப்பதும் அம்மாவின் டிரிப் பையில் இருப்பதும் ஒரே பாதையின் இரண்டு முனை. அவர் கொண்டுவந்தது பாதையின் தொடக்கம். அந்தப் பாதையில் கிளம்பிய செடிகளில் மிகப் பெரும்பாலானவை பாதியிலேயே நின்றுவிட்டன.

எதிர்வீட்டு ஆன்ட்டியின் சபா பாம்புப் புல்லை எடுத்துக்கொள்வோம். மலாயில் பெலாலாய் காஜா, அதாவது யானைத் தும்பிக்கை. சிங்கப்பூரில் புற்று என்றதும் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் ஓடிப்போய்க் கேட்கும் செடி இது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் ஆய்வாளர்கள் இதை ஒதுக்கித் தள்ளிவிடவில்லை. இங்கே மக்கள் புற்றுக்கென்று பயன்படுத்தும் ஏழு செடிகளை எடுத்து, மார்பகப் புற்று உட்பட ஏழு வகைப் புற்றணுக்களின் மேல் அவற்றின் இலைச்சாற்றைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பாம்புப் புல்லும் அந்த ஏழில் ஒன்று. ஏழு வகைப் புற்றின் மேலும் வேலை செய்தவை என்று அவர்கள் சொன்ன மூன்றில் அது இல்லை. நம் நொச்சிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று அந்த மூன்றில் இருந்தது. இவ்வளவும் நடந்தது கண்ணாடித் தட்டில். தட்டில் உப்பை அள்ளிக் கொட்டினாலும் புற்றணு சாகும். குடித்த சாறு வயிற்றையும் குடலையும் கல்லீரலையும் தாண்டி மார்புக்குப் போய்ச் சேருமா, சேரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும், வழியில் எதைக் கெடுக்கும் என்பதற்குத் தட்டில் பதில் இல்லை. சுயமாக வைத்தியம் பார்த்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். ஃபோனில் சுற்றும் செய்திகளில் அந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

அம்மாவைப் பொறுத்தவரை எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஆன்ட்டி பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். கீமோ நடுவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது, தொட்டி மண் பட்ட இலையைப் பச்சையாகக் குடிப்பது கிருமிக்கு வெற்றிலைப் பாக்கு வைத்து அழைப்பது போல. ஆன்ட்டியிடம் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

முள்ளுசீத்தா இலையைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி என்று வரும் செய்தியும் தட்டுக் கதைதான். அதன் இலையிலும் பழத்திலும் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது, நரம்பணுவைக் கொல்லக்கூடியது. கரீபியனில் குவாதலூப் தீவில், இந்த மரத்தின் பழமும் இலைத் தேநீரும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகம் தென்படுவதாக 1999-இல் லான்செட் இதழில் வெளியானது. ஏற்கெனவே விரல் மரத்துப்போகும் ஒருவருக்கு நரம்பைத் தொடும் இன்னொரு பொருளை ஏன் கொடுக்க வேண்டும்? தேக்கா சந்தையில் பழம் வாங்கி ஆசைக்கு இரண்டு சுளை சாப்பிடுவது வேறு. தினம் இலைக் கஷாயம் வேண்டாம்.

இப்போது மஞ்சள். இதில்தான் நம் வீட்டில் சண்டை அதிகம்.

முதலில் சமையல் மஞ்சளையும் கேப்ஸ்யூலையும் பிரித்துவிடுங்கள். மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு நாள் குழம்பு, பொரியல் எல்லாவற்றிலும் சேர்த்து 3 கிராம் மஞ்சள் போனாலும் குர்க்குமின் 90 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உடனுக்குடன் மாற்றி வெளியே தள்ளிவிடும். ரசம், குழம்பு, இரவில் ஒரு டம்ளர் மஞ்சள் பால், எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

ரத்தத்தில் ஏறாத இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் மிளகு வந்தது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்க்குமினோடு மிளகிலுள்ள பைபரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு ஏறியது. சித்தி அனுப்பிய டப்பாவில் பெரிதாக அச்சடித்திருப்பது இந்த எண்ணைத்தான். பைபரின் அதை எப்படிச் செய்கிறது என்பதை அச்சடிக்க மாட்டார்கள். உடம்பு வேண்டாத பொருளை வெளியேற்றும் வாசலைக் கொஞ்சம் அடைத்துவைக்கிறது, அவ்வளவுதான். வாசல் குர்க்குமினுக்கு மட்டும் அடைபடாது. பாக்லிடாக்ஸல் வெளியேறும் வழிகளில் ஒன்றும் அதே வாசல்தான். அம்மாவின் பையில் 130 மில்லிகிராம் என்று கணக்குப் பார்த்து ஏற்றியது உடம்பில் அதற்கு மேல் நின்றது போல ஆகலாம்.

டமாக்ஸிஃபெனில் கதை தலைகீழ். அந்த மாத்திரை கல்லீரலுக்குப் போய் எண்டாக்ஸிஃபென் ஆக மாறினால்தான் முழு வேலை செய்யும். நெதர்லாந்தில் டமாக்ஸிஃபென் சாப்பிடும் 16 பெண்களுக்குக் குர்க்குமின் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள், 2019-இல் வெளியானது. குர்க்குமினோடு பைபரினும் சேர்ந்தபோது எண்டாக்ஸிஃபென் 12 சதவீதம் சுமார் குறைந்தது. பெரிய எண் இல்லைதான். ஆனால் சிலருக்கு அந்த அளவு முதலிலேயே விளிம்பில் நிற்கும். அவர்களுக்கு 12 சதவீதம் பெரிது. தவிர அவர்கள் கொடுத்தது நாளைக்கு 3.6 கிராம் குர்க்குமின். மஞ்சள் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் 120 கிராம். எந்த மாமியார் குழம்பிலும் அவ்வளவு விழாது.

குர்க்குமினுக்கு ஆதரவான நல்ல ஆய்வு ஒன்றும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆர்மீனியாவில் முற்றிய மார்பகப் புற்று உள்ள 150 பெண்களுக்கு பாக்லிடாக்ஸலோடு, பாதிப் பேருக்குக் குர்க்குமினும் மீதிப் பேருக்கு வெறும் திரவமும் 12 வாரம் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது குர்க்குமின் பக்கம் 51 சதவீதம் பேருக்கு, மறுபக்கம் 33. 2020-இல் வந்தது. ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குர்க்குமினை நரம்பு வழியாக, அளந்து, டாக்டர் முன்னால் ஏற்றினார்கள். வாயில் போட்ட கேப்ஸ்யூல் இல்லை. கீமோவுக்குப் பதிலாகவும் இல்லை. இதைப் பெரிய அளவில் இன்னும் பல இடங்களில் செய்து பார்த்து அதே பலன் வந்தால் நானே முதல் ஆளாக வந்து சொல்வேன்.

கேப்ஸ்யூலை நான் வேண்டாம் என்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது அறுபது வயதுப் பாட்டி ஒருவர் ஐந்தாவது கீமோவுக்கு வந்தார். கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் எகிறியிருந்தன. புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று ஸ்கேன், அழுகை, குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டி, வீட்டில் வேற என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கேட்டபோது கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். “இது மருந்து இல்லம்மா, மஞ்சள்.” நிறுத்திய சில வாரத்தில் எண்கள் இறங்கின. கீமோ ஒரு மாதம் தள்ளிப்போனது. மஞ்சள் கேப்ஸ்யூல் சிலரின் கல்லீரலைத் தாக்குவதும், அப்படித் தாக்கப்பட்டவர்களில் பலரிடம் குறிப்பிட்ட ஒரு மரபு அமைப்பு இருப்பதும் அமெரிக்காவில் 2022-இல் பதிவாயிற்று. யாருக்கு அது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கொடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. இஞ்சி கீமோ குமட்டலுக்கு உதவுகிறது. 576 நோயாளிகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் இஞ்சிதான் நன்றாக வேலை செய்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுக்காரர்கள்தான். அம்மாவுக்கு ஒரு தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) போட்டுக்கொடுங்கள், கோப்பிக்கடை அளவு சீனி வேண்டாம். சோயாவைக் கண்டு பயப்பட வேண்டாம். பெண் ஹார்மோன் போன்ற பொருள் இருக்கிறதே, ஹார்மோன் புற்றுக்கு ஆகாதே என்று பலர் சோயாப் பாலில் செய்யும் தவ் ஹுவேயைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். ஷாங்ஹாயில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. இங்கே சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 1993 முதல் திரட்டிய பெரிய ஆய்விலும் சோயா சாப்பிடும் பெண்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சற்றுக் குறைவு. உணவாக மட்டும், சோயாச் சத்து மாத்திரையாக வேண்டாம். அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் கிளந்தானில் 100 பெண்களிடம் பார்த்ததில் கீமோச் சோர்வு குறைந்தது. ஆனால் அதுவும் கல்லீரலைத் தாக்கிய பதிவுகள் உண்டு. கீமோ முடியட்டும், அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பார்க்கலாம்.

மாமாவிடம் எப்படிப் பேசுவது? அவரோடு வாதாட வேண்டாம். பயத்தில்தான் அப்படிப் பேசுகிறார், அக்காவாயிற்றே. ஒருநாள் அவரையும் கீமோவுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், யூ மரத்துக் கதையை நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கீமோவை விட்டுவிட்டு இலைக்குப் போகலாம் என்று மட்டும் அவர் சொன்னால் அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்களை அமெரிக்காவில் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல். பரவாத நிலையில், குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். உங்கள் அம்மாவும் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

நாளை செய்ய வேண்டியது இது. வீட்டில் இருக்கும் டப்பா, இலை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த கீமோவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள மருந்தாளரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று நினைக்க வேண்டாம், எங்களுக்கு இது தினசரி வேலை. ஊரிலிருந்து வரும் பஸ்பம், லேகியம் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள், அவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும். இங்கே கடையில் விற்கும் சத்து மாத்திரைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் விற்பனைக்கு முன் சோதித்து அனுமதிப்பதில்லை. புற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. அப்படி ஒரு டப்பா சொன்னால் அந்தப் பொய்யே போதும் அதை ஒதுக்க. அம்மாவுக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடு இரவானாலும் சரி.

கடைசியாக நித்தியகல்யாணியைப் பிடுங்கிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். எதற்கு? அது பாட்டுக்குப் பூக்கட்டும், அம்மா காலையில் பார்த்துச் சந்தோஷப்படட்டும். உடம்பு தேறியதும் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) இருக்கும் மூலிகைத் தோட்டத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள், உடலின் எந்தப் பகுதிக்கு எந்தச் செடி என்று பிரித்து வைத்திருப்பார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். அதுவரை வாசல் தொட்டியின் அடித்தட்டில் மட்டும் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளணு குறைந்த நேரத்தில் டெங்கி வேறு வந்து சேர வேண்டாம்.